அத்தியாயம் 6: மாதிரிக் கப்பலுக்குப் பலகை போர்த்துதல்

பெட்டியில் வரும் மரக் கப்பல் மாதிரிகளில் பெரும்பாலானவை ஒரே முறையில் கட்டப்படுகின்றன. நீளவாக்கில் ஒரு முதுகுப் பலகை, அதன் வெட்டுகளில் குறுக்கே செருகி நிற்கும் சட்டங்கள், மேலே தளம். இந்தக் கூட்டை மெல்லிய மரப் பட்டைகளால் மேலிருந்து அடிவரை மூடுவதுதான் பலகை போர்த்துதல். தமிழகக் கடற்கரையில் மரக்கலம் கட்டுவோர் அடிமரத்தை ஏரா என்றும், விலாவைப் போன்ற சட்டங்களை வங்கு என்றும், முன்பகுதியை அணியம் என்றும் சொல்வார்கள். இந்த அத்தியாயத்திலும் அதே சொற்கள்தான்.

கணக்குகளுக்கு ஒரு கப்பல் தேவை என்பதால் இங்கே ‘ஷெர்போர்ன்’ எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1763-இல் இங்கிலாந்தின் வுல்விச் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட, ஒற்றைப் பாய்மரம் கொண்ட சிறிய காவல் கப்பல் அது. 1:64 அளவில் கிடைக்கும் அதன் மாதிரியைப் பலரும் முதல் கப்பலாகத் தேர்கிறார்கள். பாய்மரமும் கயிறும் குறைவு என்பதால் எளிது என்று நினைப்பது பாதி உண்மைதான். அணியம் ஆப்பிள் பழத்தின் கன்னம்போல உருண்டு இருப்பதால், பட்டைகளை அங்கே சுற்றிக் கொண்டுவருவது பெரிய கப்பல்களைவிடவும் கைவேலை கேட்கும்.

இத்தகைய மாதிரிகளில் இரண்டு அடுக்குப் போர்வை உண்டு. முதல் அடுக்கு எலுமிச்சை மரம் என்று கடைக்காரர்கள் சொல்லும் லைம்வுட், சுமார் 1.5 மி.மீ. கனம், 5 மி.மீ. அகலம். (இதற்கும் எலுமிச்சைக்கும் தொடர்பில்லை. ஐரோப்பாவில் வளரும் லிண்டன் மரம் இது.) இரண்டாம் அடுக்கு வால்நட் போன்ற மரத்தில் 0.5 மி.மீ. அளவில் மெல்லிய பட்டை. கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது. வடிவத்தைத் தீர்மானிப்பது முதலாவது.

தேவையான பொருள்கள்

கத்தியும் உப்புத்தாளும் நன்றாக இருந்தால் பாதிக் கருவிகள் இல்லாமலே சமாளிக்கலாம். வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியும் முகக்கவசமும் தவிர, கீழே உள்ளவை போதும்:

• 11-ஆம் எண் அலகு போட்ட கைவினைக் கத்தி, கூடுதலாக ஒரு பெட்டி அலகுகள்
• சின்ன இழைப்புளி (இல்லாவிட்டால் கத்தியும் இரும்பு ஸ்கேலும்)
• 80, 120, 180, 240 எண் உப்புத்தாள், அவற்றைச் சுற்ற ஒரு மரக்கட்டை
• தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, சிறிதளவு உடனடிப் பசை
• குண்டூசிகள், துணி மாட்டும் கிளிப்புகள், ரப்பர் பேண்டுகள்
• 0.7 மி.மீ. துளை போடும் கைத்துளைப்பான்
• பென்சில், காகிதக் கீற்றுகள், அளவுகோல்
• அணியத்துக்குப் பின்னால் நிரப்ப பால்சா மரத்துண்டு

கூட்டை இழைவாக்குதல்

பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே இந்த வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். வங்குகளின் விளிம்புகள் தொழிற்சாலையில் நேர்கோணமாக வெட்டப்பட்டவை. கப்பலின் உடலோ முன்னும் பின்னும் ஒடுங்கிப் போகிறது. அப்படியே பட்டையை வைத்தால் வங்கின் ஒரே ஒரு மூலையில்தான் அது உட்காரும். பசை பிடிக்க இடமிருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வங்கும் மேடாகத் தெரியும்.

1. கூடு நேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கண்ணை ஏராவின் ஒரு முனையில் வைத்து மறுமுனையை நோக்கினால் வளைவு உடனே தெரியும். முதுகுப் பலகை கோணியிருந்தால் போர்த்திய பின் அதைத் திருத்த வழியே இல்லை.

2. அணியத்தில் முதல் வங்குக்கும் முன்முனைக்கும் இடையே பால்சா கட்டைகளை ஒட்டி, வளைவாகச் செதுக்க வேண்டும். பட்டைக்கு அங்கே தாங்கல் கிடைக்கும். பெட்டியில் இந்தக் கட்டை வராவிட்டாலும் போடுவது நல்லது.

3. ஒரு பட்டையை எடுத்து வங்குகளின் மேல் படுக்க வைத்து, முன்னிருந்து பின்வரை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். முன்பக்க வங்குகளில் முன்விளிம்பும், பின்பக்க வங்குகளில் பின்விளிம்பும் முட்டும். முட்டும் விளிம்பை 80 எண் தாள் சுற்றிய கட்டையால் சாய்வாகத் தேய்க்க வேண்டும். நடுவங்குகளை அநேகமாகத் தொட வேண்டியதில்லை.

4. எந்த வங்கையாவது பட்டை தொடாமல் போனால் அந்த வங்கு தாழ்ந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் தேய்த்து அதன் மட்டத்துக்குக் கொண்டுவருவது வீண். தாழ்ந்ததன் விளிம்பில் ஒரு பட்டைத் துண்டை ஒட்டி மேடாக்கிவிட்டுத் தேய்த்தால் போதும்.

5. பின்பகுதியில், ஏராவை ஒட்டி, முதுகுப் பலகையை மெலியச் செய்ய வேண்டும். புதியவர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான். பின்கம்பம் 5 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 1.5 + 0.5 என 2 மி.மீ. போர்வை வரும். இரு பக்கமும் சேர்ந்து 4 மி.மீ. ஆக, முதுகுப் பலகையின் பின்விளிம்பு 1 மி.மீ. அளவுக்கு ஒல்லியாக இருந்தால்தான் போர்வையும் பின்கம்பமும் ஒரே மட்டத்தில் சேரும். மெலிக்காமல் விட்டால் கப்பலின் பின்புறம் வீங்கினாற்போல நிற்கும்.

6. ஏரா தனித் துண்டாக வந்தால், முதல் பட்டை உட்காரும் இடத்தில் காடி எடுக்க வேண்டும். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி உட்காரத் தச்சர் எடுக்கும் காடியேதான் இதுவும்.

எப்போது போதும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. பட்டையை அழுத்தாமல், இரு முனைகளிலும் மட்டும் பிடித்து உடலின் மேல் வைத்தால், ஒவ்வொரு வங்கின் முழுக் கனத்திலும் அது படிந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்தால் வங்குக்கும் பட்டைக்கும் இடையே வெளிச்சம் கசியக் கூடாது. இந்த ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் போனாலும் கவலை இல்லை.

அகலக் கணக்கு

பரங்கிக்காயின் மேல் ஓடும் வரிகளைப் பார்த்தால் பலகை போர்த்துதலின் கணக்கு புரிந்துவிடும். ஒவ்வொரு கீற்றும் நடுவில் அகலம், இரு முனையிலும் குறுகல். கப்பலின் உடலும் அப்படியே. நடுவங்கின் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஒரே அகலமுள்ள பட்டைகளை அடுக்கிக்கொண்டே போனால் அணியத்தில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

பட்டைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பனை ஓலைக் கீற்றைப்போல அது தட்டையான பக்கமாக எளிதில் வளையும், அகலவாக்கில் வளையாது. பலவந்தமாக அகலவாக்கில் இழுத்து ஊசி குத்தினால் ஒரு விளிம்பு வங்கில் படிய, மறு விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். இங்கே பட்டையைக் குறுக்கிச் செதுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

1. மேல் விளிம்பை ஒட்டிய முதல் பட்டையைத் தளத்தின் கோட்டுக்கு இணையாக ஒட்ட வேண்டும். இதற்குக் குறுக்கல் தேவைப்படாது. இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அணியத்துக்கு நேரே நின்று பார்த்துக்கொள்வது அவசியம்.

2. நடுவங்கில் அந்தப் பட்டையின் கீழ்விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு காகிதக் கீற்றை வளைத்து வைத்து அளவைக் குறிக்க வேண்டும். 100 மி.மீ. வந்ததாக வைத்துக்கொள்ளலாம். 5 மி.மீ. பட்டை என்றால் 20 பட்டைகள்.

3. ஒவ்வொரு வங்கிலும் அதேபோல அளந்து, கிடைத்த நீளத்தை 20-ஆல் வகுத்து, வங்கின் விளிம்பில் பென்சிலால் கோடு போட வேண்டும். அணியத்தில் 60 மி.மீ. என்றால் ஒவ்வொரு பட்டையும் அங்கே 3 மி.மீ. அகலமாகக் குறுக வேண்டும்.

4. பட்டையின் அகலம் எங்கேயும் பாதிக்குக் கீழே போகக் கூடாது. 5 மி.மீ. பட்டைக்கு 2.5 மி.மீ.தான் எல்லை. அதற்கும் ஒல்லியான நுனி ஊசி குத்தினால் பிளக்கும், நேராக ஒட்டாது. அணியத்தில் அளவு 45 மி.மீ.தான் என்றால் 20-ஆல் வகுக்க 2.25 வருகிறது. அங்கே 18 பட்டைகளுக்குத்தான் இடம். இரண்டு பட்டைகளை வழியிலேயே நிறுத்த வேண்டும்.

5. பின்பகுதியில் நேர்மாறு. சில கப்பல்களில் அங்கே சுற்றளவு நடுவங்கைவிட அதிகம். 110 மி.மீ. வந்தால் 20 பட்டைகள் சேர்ந்தும் 10 மி.மீ. குறையும். அந்த இடத்தில் ஆப்பு வடிவில் கூடுதல் துண்டுகள் செருகப்படும்.

வகுத்த கோடுகளை அப்படியே நம்பிவிடாமல், ஐந்து ஐந்து பட்டைகளுக்கு ஒரு நூலை வங்குகளின் மேல் ஒட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். எண்கள் சரியாக இருந்தும் கோடு ஓரிடத்தில் குலுங்கினால் கண் சொல்வதைக் கேட்டு அரை மில்லிமீட்டர் ஏற்றி இறக்க வேண்டும்.

வளைத்தல்

காய்ந்த பட்டையை அணியத்தின் வளைவில் அழுத்தினால் படக்கென்று ஒடியும். நனைத்துச் சூடாக்கினால் மரத்தின் நார் தளர்ந்து, ஆறும்போது வளைந்த நிலையிலேயே நின்றுவிடும்.

1. லைம்வுட் பட்டையை வெந்நீரில் இருபது முப்பது நிமிடம் ஊற வைக்க வேண்டும். வால்நட்டுக்கு இன்னும் நேரம் ஆகும். முழுப் பட்டையையும் நனைக்க வேண்டியதில்லை. வளையப்போகும் முன்பகுதி மட்டும் போதும்.

2. சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையை ஒரு மரக்கட்டைமேல் வைத்த பட்டையின் மீது மெதுவாக நகர்த்தியபடி, மறுகையால் நுனியை உயர்த்த வேண்டும். ஆவி எழும்போதுதான் மரம் இணங்கும். ஆவி நின்ற பிறகும் வளைத்தால் ஒடியும், கருகவும் செய்யும்.

3. வளைந்த பட்டையைக் கப்பலின் மேலேயே கிளிப் போட்டுக் காய வைக்க வேண்டும். பசை வேண்டாம். குறைந்தது சில மணி நேரம், மழைக்காலத்தில் ஓர் இரவு.

ஈரப் பட்டையை ஒட்டுவது புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதன்மையானது. நனைந்த மரம் அகலத்தில் உப்பியிருக்கும். ஒட்டிய அன்று இடைவெளியே தெரியாது. நான்கு நாள் கழித்துக் காய்ந்து சுருங்கியதும் பட்டைக்குப் பட்டை மயிரிழைக் கோடு விழும்.

முதல் அடுக்கு ஒட்டுதல்

1. வளைத்துக் காய்ந்த பட்டையைக் கோடுகளுக்கு ஏற்ப இழைப்புளியால் குறுக்க வேண்டும். இடது வலது என இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் இழைத்தால் இரண்டும் ஒரே அளவில் வரும்.

2. வளைவான இடங்களில் பட்டையின் உள்பக்க விளிம்பை லேசாகச் சாய்த்துச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் உள்ளே முட்டி, வெளியே வாய் பிளந்து நிற்கும்.

3. வங்கின் விளிம்பில் வெள்ளைப் பசை ஒரு துளி, முந்தைய பட்டையின் விளிம்பில் மெல்லிய கோடு. பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும்.

4. ஊசி குத்துமுன் 0.7 மி.மீ. துளை போட வேண்டும். குண்டூசியைப் பாதி ஆழம் மட்டும் இறக்கினால் காய்ந்த பின் பிடுங்குவது எளிது.

5. இடப்பக்கம் ஒரு பட்டை ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். காயும் பசை கூட்டை இழுக்கும். ஒரு பக்கமாகவே நான்கைந்து பட்டைகளை ஒட்டிவிட்டால் முதுகுப் பலகை வாழைப்பழம்போல வளைந்துவிடும்.

6. மேலிருந்து ஐந்தாறு ஜோடிகள் முடிந்ததும் ஏராவை ஒட்டிய பட்டைக்கு இறங்க வேண்டும். இந்தப் பட்டை அணியத்தில் மேலே ஏறிப் போகக் கூடாது. வளைவு தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஏராவுடன் சேர்ந்து மேலே ஏறவிட்டால் அதன் பின் வரும் பட்டைகள் எல்லாம் அணியத்தை நோக்கி நெருக்கிக்கொண்டு போகும்.

7. பிறகு மேலும் கீழுமாக மாறி மாறி நடுவை நோக்கி வர வேண்டும். கடைசிப் பட்டை உடலின் வயிற்று வளைவில் வந்து மூடும். அதன் வடிவத்தைக் காகிதத்தில் தேய்த்து எடுத்து, சற்றே அகலமாக வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்துவதே வழி.

ஆப்பும் இணைப்பும்

அணியத்தில் இடம் போதாதபோது, இரண்டு பட்டைகள் வந்து ஒரு அகலப் பட்டையில் சேர்ந்து முடியும்படி வெட்டுவது இணைப்பு. பட்டையைக் கூர்நுனியாகச் சீவி மற்றதன்மேல் சாய்த்துவிடக் கூடாது. அந்த நுனியில் ஆணி நிற்காது, தண்ணீர் புகும். உண்மைக் கப்பல் கட்டுவோர் இதனால்தான் நுனியை மழுங்க வெட்டி, பக்கத்துப் பட்டையில் அதற்கேற்ற வெட்டு எடுத்தார்கள். மாதிரியிலும் நுனி குறைந்தது 2.5 மி.மீ. மழுங்கலாக இருக்க வேண்டும். பின்பகுதியில் விழும் முக்கோண இடைவெளிக்கு ஆப்புத் துண்டு இதே முறையில் செருகப்படும். முதல் அடுக்கில் இது கொஞ்சம் கோணினாலும் குடி முழுகிப் போகாது, மேலே இன்னொரு அடுக்கு வருகிறது. பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தேய்த்தலும் பட்டி பார்த்தலும்

பசை முழுதாகக் காய ஒரு நாள் விட்டு, எல்லா ஊசிகளையும் பிடுங்கிய பிறகு 80 எண் தாளில் தொடங்கி 120, 180 என்று போக வேண்டும். குறுக்குமறுக்காகத் தேய்க்காமல் முன்னிருந்து பின்னாகச் சாய்வாக இழுத்தால் மேடு பள்ளம் சமனாகும். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் 1.5 மி.மீ. பட்டை ஓட்டையாகிவிடும். வங்குக்கு மேலே இருக்கும் பகுதிதான் முதலில் தேயும்.

பள்ளங்களுக்கு மரப் பட்டி. தேய்க்கும்போது விழும் அதே மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்தும் இட்டுக்கொள்ளலாம். விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைக் கப்பலின் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்தால் பகலில் தெரியாத மேடு எல்லாம் நிழல் போடும். கண்ணைவிட விரல் நுனி நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு அணியத்திலிருந்து பின்னே தடவிப் போகையில் எங்கே விரல் தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் வட்டம்.

இரண்டாம் அடுக்கு

அகலக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். பழைய கோடுகள் மூடப்பட்டுவிட்டன, உடலின் சுற்றளவும் கூடியிருக்கிறது.

1. வால்நட் பட்டைகளை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். மிக வெளுத்தவை, கருத்தவை நீர்மட்டத்துக்குக் கீழே போகட்டும்.

2. 1:64 அளவில் 5 மி.மீ. என்பது உண்மைக் கப்பலில் 32 செ.மீ. அகலம். 24 அடிப் பலகை மாதிரியில் 114 மி.மீ. நீளம். உண்மைபோலத் தெரிய வேண்டுமானால் முழுநீளப் பட்டை ஒட்டாமல் இந்த நீளத்தில் வெட்டி ஒட்டலாம். ஒரே வங்கின் மேல் விழும் இரண்டு மூட்டுகளுக்கு இடையே மூன்று முழுப் பட்டைகளாவது இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். முதல் கப்பலுக்கு முழுநீளப் பட்டையே போதும்.

3. பட்டையின் விளிம்பில் பென்சிலை ஒருமுறை ஓட்டிவிட்டு ஒட்டினால், பலகை இடைவெளியில் தார் அடைத்ததுபோல மெல்லிய கோடு தெரியும்.

4. உடனடிப் பசையை நுனியில் ஒரு துளிக்கு மேல் வைக்கக் கூடாது. அது மரத்தில் ஊறிய இடத்தில் எண்ணெய் இறங்காது. மெருகு போட்டதும் அந்தத் திட்டு பளிச்சென்று வெளுத்துத் தெரியும்.

5. 0.5 மி.மீ. பட்டையில் தேய்க்க இடமில்லை. 240 தாளில் மென்மையாக இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். மேடு பள்ளம் மிச்சமிருந்தால் அது முதல் அடுக்கில் விட்ட குறை.

பாதுகாப்பு

கத்தி எப்போதும் உடலிலிருந்து விலகியே இயங்க வேண்டும். மழுங்கிய அலகுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். பத்துப் பட்டைக்கு ஒரு முறை மாற்றினாலும் செலவு பெரிதல்ல.

உடனடிப் பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே பயன்படுத்த வேண்டும். பருத்தித் துணியில் அது கொட்டினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுடும். எனவே துணியாலோ பஞ்சாலோ துடைக்கக் கூடாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்க முயலாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். வால்நட் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். இஸ்திரிப் பெட்டியை ஈரக் கையால் தொடக் கூடாது, வேலை நின்றதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும்.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. காயும் எண்ணெய் தானே சூடேறித் துணி தீப்பற்றும். வெளியில் விரித்துப் போட்டு முழுதாகக் காய்ந்து விறைத்த பிறகே எறிய வேண்டும்.